தீபாவளி வெடியும் மிரளும் நாயும்: கையால் தைத்த சட்டை எவ்வளவு உதவும்?

கிள்ளானில் ஒரு தாமான் வீட்டின் முன்னறை. தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதற்குள் தையல் இயந்திரத்தின் இடப்பக்கம் ரவிக்கைத் துணிகள் குவிந்துவிட்டன. வலப்பக்கக் கூடையில் சின்னச் சின்னச் சட்டைகள். அவற்றுக்குக் கை கிடையாது, பொத்தானும் கிடையாது. வயிற்றுப் பக்கம் ஒட்டும் பட்டை மட்டும் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. "பிளாக்கி, நெஞ்சு 58." "ராணி, நெஞ்சு 44."

எல்லாம் நாய்களுக்கு. வெடிச்சத்தம் கேட்டு நடுங்கும் நாயை யாரோ அணைத்துப் பிடித்திருப்பதுபோல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் சட்டை இது. வெளிநாட்டிலிருந்து வருபவை விலை அதிகம். நம் ஊர் வெயிலுக்குத் துணியும் கனம். அதனால் இதைத் தைக்கும் அக்கா சாதாரண டி-சட்டைத் துணியையே பயன்படுத்துகிறார். "பேரைப் போட்டுடாதீங்க தங்கச்சி, இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியல" என்றார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் தையல் அக்கா மட்டுமே.

அவரிடம் ஒரு விதி இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாய்ச்சட்டைக்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார். ரவிக்கை வேலை அதிகம் என்பதால் என்றுதான் முதலில் நினைத்தேன். அது காரணமில்லை. "கடைசி வாரத்துல வாங்கிட்டுப் போய், வெடி வெடிக்கிற நேரத்துல முதல் தடவையா மாட்டிவிடுவாங்க. நாய் இன்னும் பயந்துக்கும். அப்புறம் சட்டையைக் கண்டாலே ஓடும். அந்தக் காசு எனக்கு வேணாம்" என்றார்.

சட்டை எவ்வளவு உதவும் என்று ஆய்விலும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர், வாணவேடிக்கைக்குப் பயப்படும் நாய்களைப் பற்றி 1,225 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு, அதன் முடிவுகளை 2020-இல் வெளியிட்டார். எந்த வழி உங்கள் நாய்க்கு உதவியது என்பதே கேள்வி. இறுக்கச் சட்டை உதவியதாகச் சொன்னவர்கள் 44 விழுக்காட்டினர். கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கு 69 விழுக்காடு. மூலிகைச் சொட்டு, வாசனை எண்ணெய், கழுத்தில் மாட்டும் 'அமைதிப் பட்டை' போன்றவற்றுக்குக் கிடைத்தது 27 முதல் 35 விழுக்காடு வரைதான். எதுவும் கலக்காத வெறும் சொட்டைக் கொடுத்தாலும் அந்த அளவு பேர் "குணமாகிறது" என்றுதான் சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நின்ற வழிக்குச் செலவே இல்லை. சத்தம் கேட்ட உடனே நாய்க்குப் பிடித்த தீனி கொடுப்பது, அல்லது அதோடு விளையாடுவது. எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் இது பலன் தந்ததாகச் சொன்னார்கள். இவையெல்லாம் உரிமையாளர்கள் தாங்களாகச் சொன்ன பதில்கள், ஆய்வகத்தில் அளந்தவை அல்ல என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எதில் காசு போடலாம், எதில் வேண்டாம் என்று முடிவு செய்ய இந்த எண்கள் போதும்.

பயப்படும் பிராணியை எப்படி அறிவது?

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாய்க்கு அது 45,000 வரை போகும். பூனைக்கு இன்னும் மேலே. நமக்குத் தூரத்தில் 'பொட்' என்று கேட்பது நாய்க்கு வேறு மாதிரி கேட்கிறது. எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பதும் அதற்குத் தெரியாது. நாமாவது நாள்காட்டியைப் பார்த்துத் தயாராகிவிடுகிறோம்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். மனிதருக்கு வருவதைப் பயம் என்கிறோம். மாட்டுக்கும் குதிரைக்கும் வருவதைத்தான் நம் பாட்டிகள் 'மிரண்டுபோச்சு' என்பார்கள். மிரட்சியில் யோசனைக்கு இடமில்லை, ஓட்டம்தான். தொல்காப்பியம் மனிதரின் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்லும்போது விலங்கையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தீபாவளி இரவில் நிலைமை தலைகீழ்.

நடுக்கம், ஓட்டம், ஊளை இவை எல்லோருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுபவை வேறு. வெயில் இல்லாதபோதும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது, உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடப்பது, பிடித்த தீனியைத் தொடாமல் இருப்பது. பூனை பெரும்பாலும் சத்தமே போடாது. அலமாரிக்கு மேலோ கட்டிலுக்கு அடியிலோ போய் ஒளிந்துகொள்ளும். "எங்கள் பூனைக்குப் பயமே இல்லை" என்று வீட்டில் நினைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் உண்டு. சட்டை மாட்டியதும் நாய் அசையாமல் நிற்கும். பார்ப்பவர்களுக்கு அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். பல நாய்கள் உடம்பில் புதிதாக ஏதோ சுற்றியிருப்பதால் விறைத்து நிற்கின்றன, அவ்வளவுதான். தையல் அக்கா தம்மிடம் வாங்குபவர்களுக்குச் சொல்லும் சோதனை எளிது: சட்டையோடு நாய் தானாக நடக்கிறதா, படுக்கிறதா, கொடுத்த தீனியைத் தின்கிறதா? மூன்றும் நடந்தால் சரி. இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து நிமிடம் என்று வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்க வேண்டும். சட்டைக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் மணிக்கணக்காகப் போட்டுவைக்கக் கூடாது. சட்டையோடு நாயைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகவும் கூடாது.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பழைய துப்பட்டா ஒன்றை எடுங்கள். அதன் நடுப்பகுதியை நாயின் நெஞ்சின் முன்பக்கம் வைத்து, இரு முனைகளையும் முதுகின்மேல் குறுக்காகக் கொண்டுபோய், வயிற்றுக்குக் கீழே சுற்றி, மறுபடியும் மேலே கொண்டுவந்து முதுகெலும்பின் மேல் படாமல் சற்றுப் பக்கவாட்டில் லேசாக முடிச்சுப் போடுங்கள். இது பிடிக்கிற நாய்க்குச் சட்டையும் பிடிக்கலாம். பிடிக்காத நாய்க்கு 45 வெள்ளி மிச்சம். இதையும் அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.

எது வாங்கத் தகுந்தது?

வீட்டிலிருந்தபடி பிராணிகளுக்கான பொருள் செய்து விற்பவர்கள் இப்போது நம்மவர்களிடையே நிறையவே இருக்கிறார்கள். முகநூலிலும் இன்ஸ்தாகிராமிலும் படம் போட்டு, புலனத்தில் ஆர்டர் எடுத்து, அஞ்சலில் அனுப்புகிறார்கள். ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டில் நாய்க்குக் கழுத்துத் துணி, பூனைக்குக் குட்டி மாலை, ரங்கோலி வரைந்த தீனித் தட்டு. பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் இவை பண்டிகைக்கான அலங்காரம். பயத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. விற்பவர் "மன அமைதி தரும்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது தொலைபேசி எண் பொறித்த கழுத்து வில்லை. கண்ணைக் கவராத பொருள்தான்; விலையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கிவிடும். மிரண்டு ஓடிய நாய் எதிரே வரும் காரையும் பார்க்காது, வீட்டு வழியையும் பார்க்காது. நமக்குத் தெரியாத தாமானில் போய் நிற்கும். அதைப் பிடிப்பவர் உடனே அழைக்க ஓர் எண் வேண்டும். வில்லை பொறித்துக் கொடுக்கும் இளைஞர் ஒருவர் சொன்ன யோசனை: நாயின் பெயரைவிட எண்ணுக்கு அதிக இடம் கொடுங்கள், ஒன்றுக்கு இரண்டு எண்கள் போடுங்கள், தீபாவளி இரவில் ஒருவர் எடுக்காவிட்டாலும் இன்னொருவர் எடுப்பார். அச்சடித்த எழுத்து மழையில் அழிந்துவிடும்; உலோகத்தில் பொறித்த எழுத்து நிற்கும். பூனைக்கு வாங்கினால், எங்காவது சிக்கி இழுபடும்போது தானாகக் கழன்றுவிடும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊராட்சி மன்றத்திடம் எடுத்த நாய் உரிம வில்லை இருந்தால் அதையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள். உரிமம் இல்லாமல் தெருவில் அலையும் நாயை மன்றத்தினர் தெருநாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மோப்பப் பாய். துளைகள் உள்ள ரப்பர் விரிப்பில் பழைய டி-சட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, துளைக்குத் துளை முடிந்தால் புல் முளைத்ததுபோல் இருக்கும். அதன் இடுக்குகளில் தீனியைத் தூவிவிட்டால் நாய் மோந்து மோந்து தேடித் தின்னும். இதைச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள், நாமே ஒரு மாலையில் செய்துவிடவும் முடியும். கடுமையாகப் பயந்துவிட்ட நாய் தின்னாது என்பதால், வெடி உச்சத்தில் இருக்கும்போது இது உதவாது. சத்தம் தொடங்குவதற்கு முந்திய மாலை நேரத்துக்கு நல்லது. துணியைக் கடித்து விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு மட்டும் வேண்டாம், குடலில் சிக்கிக்கொள்ளும்.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனிநபர் வியாபாரத்தை எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் பதிய 60 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவித் திட்டம் இந்தியச் சிறுதொழில் முனைவோருக்கென்றே இருப்பது. அதைக் கேட்கப் போகும்போது முதலில் காட்ட வேண்டியது இந்தப் பதிவுதான்.

சங்கிலியில் கட்டிய நாய்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பாட்டி வீட்டில் தீபாவளி. லயத்து வீட்டுக்குப் பின்னால் ஜம்பு மரத்தில் கறுப்பனைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் வருவார்கள், கடித்துவிடக் கூடாது என்பதற்காக. நானும் அண்ணன்களும் வாசலில் வெடித்தோம். கறுப்பன் குரைத்தது, சிரித்தோம். பிறகு குரைக்கவில்லை. காலையில் பார்த்தால் சங்கிலி மட்டும் கிடந்தது, கழுத்துப் பட்டையோடு. மூன்று நாள் செம்பனைத் தோட்டம் முழுக்கப் பாட்டி அதன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். கறுப்பன் வரவேயில்லை. யார் மேலும் பழி சொல்ல முடியாது, வெடித்தது நாங்கள்தான்.

அன்று கறுப்பனால் உருவிக்கொண்டு ஓடவாவது முடிந்தது. கட்டிய நாய் வேலியையோ திண்ணையையோ தாண்டிக் குதித்துச் சங்கிலியில் தொங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தோட்டப்புறத்திலும் தரை வீடுகளிலும் இன்னமும் நாய் வெளியில்தான் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் நாயை விடாத குடும்பங்களின் நியாயம் எனக்குப் புரியும். அந்த ஓர் இரவுக்குக் குளியலறையோ, சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள சாமான் அறையோ போதும். கதவைச் சாத்தி, தரையில் பழைய கைலியை விரித்து, தண்ணீர் வைத்து, மின்விசிறியைச் சுழலவிடுங்கள். ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டால் வெளிச்சம் பளிச்சிடுவது தெரியாது. வானொலியோ தொலைக்காட்சியோ வழக்கமான சத்தத்தில் ஓடட்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். அது தேடிக்கொண்ட பாதுகாப்பு அது.

வெளியே கூட்டிப்போவதை இருட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்திய இரவிலிருந்தே வெடி தொடங்கிவிடும் என்பதால் அந்த மாலையும் கணக்கில் சேர வேண்டும். பூனை இருந்தால் மண் பெட்டியோடு உள்ளே வைத்துவிட வேண்டும். விருந்தாளி வரும் வீட்டில் வாசற்கதவு திறந்தபடியே இருக்கும். "நாய் உள்ளே இருக்கிறது, இந்தக் கதவைத் திறக்காதீர்கள்" என்று ஒரு தாளில் எழுதி அறைக்கதவில் ஒட்டிவிடுவது நல்லது.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை. பயம் ஓர் உணர்ச்சி. நாம் பக்கத்தில் இருப்பதால் அது வளராது. நாய் நம்மிடம் ஒட்டிக்கொண்டு வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். திட்டினாலும் அடித்தாலும்தான் பயம் கூடும்.

முதலில் சத்தம், பிறகு தீனி

செலவில்லாத வழி என்று சொன்னேனே, அதில் வரிசை முக்கியம். வெடி கேட்க வேண்டும், உடனே ஒரு துண்டு அவித்த கோழி. உப்பு, வெங்காயம், எலும்பு எதுவும் கூடாது. அடுத்த வெடி, அடுத்த துண்டு. இப்படியே போனால் சத்தம் வந்தால் கோழி வரும் என்று நாய் கணக்குப் போட ஆரம்பிக்கும். வரிசையை மாற்றி, தீனியைக் காட்டிய பிறகு வெடி வந்தால், கோழியைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று பயப்படத் தொடங்கிவிடும்.

இதற்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டியதில்லை. கதவு படாரென்று சாத்தும் சத்தம், தட்டு கீழே விழும் சத்தம், தூரத்து இடி எல்லாவற்றுக்கும் இன்றே தொடங்கலாம். நம் ஊரில் மாலை மழைக்கும் இடிக்கும் பஞ்சமா? வெடிச்சத்தத்தைக் கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் போட்டு, நாய் கண்டுகொள்ளாத அளவிலிருந்து நாளுக்கு நாள் கொஞ்சமாக ஏற்றிப் பழக்கும் முறையும் உண்டு. ரீமரின் கணக்கெடுப்பில் 55 விழுக்காட்டினர் அது உதவியதாகச் சொன்னார்கள். பல வாரம் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. அவசரப்பட்டு ஒலியைக் கூட்டினால் பயத்தைப் பழக்கியது போலாகிவிடும்.

தின்னவே முடியாத அளவுக்குப் பயப்படும் நாய், கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரவைத்துக்கொள்ளும் நாய், இவற்றைச் சட்டையாலும் பாயாலும் தேற்ற முடியாது. கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. எந்த அளவு ஒத்துக்கொள்கிறது என்று ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் போய்ப் பலனில்லை. அசெப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. வீட்டில் இருக்கும் மனிதர் மருந்து எதையும் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமோல் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வயதான நாய் இத்தனை ஆண்டு பயப்படாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று சத்தத்துக்குப் பயந்தால், வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபெற்று 2018-இல் வெளியான ஆய்வு, சத்தத்துக்குப் பயந்த 20 நாய்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கு மூட்டு அல்லது தசை வலி இருந்தது. வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் தொடங்கிய வயது, மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளியிருந்தது. சத்தத்தில் திடுக்கிட்டு உடம்பை முறுக்கும்போது வலிக்கிறது. அந்த வலியும் சத்தமும் நாயின் மனத்தில் சேர்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வெடி வாங்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உரிமமில்லாமல் வெடிபொருள் வைத்திருந்தால் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டப்படி விற்பதையே வாங்கினாலும், எத்தனை மணிக்கு வெடிக்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் நாயை உள்ளே வைத்துக்கொள்வார்கள். சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு வெடிக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டு ஆந்தி எங்களிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போவார்.

கிளம்பும்போது தையல் அக்காவிடம் ஒரு சட்டை வாங்கலாமா என்று கேட்டேன். பாட்டி வீட்டில் இப்போது செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் நாய் இருக்கிறது. "எத்தனை வயசு? இடிக்கு என்ன பண்ணுது? முதல்ல துப்பட்டாவைக் கட்டிப் பாருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்க் கட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் விறைத்து நின்றது, பிறகு துப்பட்டாவைக் கடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டது. சட்டை வேண்டாம் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இரண்டு எண்கள் பொறித்த வில்லை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். பாட்டி குளியலறையைக் காலி செய்ய ஒப்புக்கொண்டுவிட்டார்.